விவரமானவர்களுக்கு ஃபில்டர் வைத்தது

பி.காம். முதல் வருஷம் எங்களுக்கு எகனாமிக்ஸ் எடுத்த வாத்தியார், நிறைவுப் போட்டி என்று ஒரு சமாசாரத்தை போர்டில் எழுதிப் போட்டு நிபந்தனைகளை வரிசையாக ஒப்பிப்பார். அதில் ஒன்று, வாங்குகிற ஆசாமிக்குப் பொருளைப் பற்றிச் சகலமும் தெரிந்திருக்க வேண்டும். தரம் தெரியும், விலை தெரியும், பக்கத்துக் கடையில் என்ன விலை என்பதும் தெரியும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான். "எல்லாமே தெரிஞ்சுட்டா விளம்பரம் எதுக்கு சார்?"

"தேவையே இல்லப்பா" என்றார் வாத்தியார்.

மணி அடித்தது. அடுத்த பீரியட் மார்க்கெட்டிங். பாடம், விளம்பரம். ஒரு மணி நேரம் முன்னால் தேவையில்லை என்று சொல்லப்பட்ட அதே சங்கதி. இரண்டு வாத்தியார்களும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இதைப் பேசித் தீர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கும் வெகுகாலம் தீரவில்லை.

இன்றைக்குக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. சோப்பு வாங்குவதற்கு முன்னால் பத்துப் பேரின் அபிப்பிராயத்தைப் படித்துவிட்டு வாங்குகிறோம். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறோம். ஜனங்கள் இவ்வளவு விவரமாகிவிட்டால் மார்க்கெட்டிங் என்கிற தொழிலே படுத்துவிடாதா?

ஆரூடம் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் நடந்ததைச் சொல்லலாம். ஒரு பொருளைப் பற்றிய உண்மை, தேதி குறித்துச் சொல்லும்படியாக, ஊருக்கெல்லாம் தெரியவந்த கதை ஒன்று இருக்கிறது. சாதாரண உண்மை இல்லை. இதை வாங்கினால் செத்துப் போவாய் என்கிற உண்மை. தேசம் அமெரிக்கா. பொருள், சிகரெட்.

1942-ம் வருஷம். நியூயார்க்கில் ஒரு பதினாறு வயதுப் பெண் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறாள். செஸ்டர்ஃபீல்ட் பிராண்ட். சினிமாவில் நட்சத்திரங்கள் ஊதுகிறார்கள். பத்திரிகையில் அழகிகள் ஊதுகிறார்கள். அந்தப் பெண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கோர்ட்டில் சந்திக்கப் போகிறோம்.

பெண்கள் ஊதுவதே அப்போது கொஞ்சம் புதுசுதான். 1929-ல், ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் சில இளம்பெண்கள் சிகரெட் பிடித்தபடி ஊர்வலத்தில் நடந்தார்கள். சுதந்தரத்தின் தீப்பந்தங்கள் என்று அதற்கு ஒரு பெயர் வேறு. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்டின் சொந்த மருமகன். சம்பளம் கொடுத்தது, லக்கி ஸ்டிரைக் தயாரித்த அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. பேப்பர்காரர்கள் அதைப் பெண் விடுதலைச் செய்தியாக எழுதினார்கள். பின்னால் ஒரு கம்பெனி இருப்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது.

1940-களில் டாக்டர்களே வந்துவிட்டார்கள். மற்ற பிராண்டுகளைவிட கேமல் பிடிக்கிற டாக்டர்கள்தான் அதிகம் என்று 1946-ல் ஆரம்பித்து வருஷக்கணக்கில் விளம்பரம் ஓடியது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், விரலிடுக்கில் சிகரெட். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையே 1953 வரை சிகரெட் விளம்பரங்களை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

இதெல்லாம் தெரியாத காலம். இனிமேல்தான் தெரிய ஆரம்பிக்கிறது.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் எவார்ட்ஸ் கிரஹாம் என்று ஒரு பெரிய சர்ஜன். புற்றுநோய் கண்ட நுரையீரல் ஒன்றை 1933-ல் முழுசாக வெட்டியெடுத்து, நோயாளியைப் பிழைக்கவைத்தவர். அது அதுவரை உலகத்தில் யாருக்கும் கைகூடாத காரியம். அவரிடம் எர்ன்ஸ்ட் வைண்டர் என்று ஒரு மருத்துவ மாணவர் வந்து, நுரையீரல் புற்றுக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கலாமா என்றார். கிரஹாமுக்கு நம்பிக்கையில்லை. சிகரெட் விற்பனை ஏறியபோது நைலான் ஸ்டாக்கிங்ஸ் விற்பனையும்தான் ஏறியது, அதற்கென்ன சொல்வது என்று கிண்டலடித்தவர் அவர். தவிர, மனிதர் நன்றாகப் புகைக்கிறவர்.

ஆனாலும் பார்த்தார்கள். 684 நோயாளிகள். 1950 மே மாதம் முடிவு வெளியானது, அதே மருத்துவச் சங்கப் பத்திரிகையில். அதே வருஷம் செப்டெம்பரில் லண்டனிலிருந்து ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்கள். கிரஹாம் சிகரெட்டை நிறுத்தினார். நிறுத்தி என்ன? 1957-ல் நுரையீரல் புற்றிலேயே இறந்துபோனார். 1933-ல் அவர் பிழைக்கவைத்த நோயாளி அப்போது உயிரோடு இருந்தார்.

ஆராய்ச்சிக் கட்டுரை டாக்டர்களுக்கு. ஜனங்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது 1952 டிசம்பரில். ரீடர்ஸ் டைஜஸ்ட், அட்டைப்பெட்டி நிறையப் புற்றுநோய் என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. மற்ற பத்திரிகைகள் அடக்கி வாசித்த சங்கதி இது. டைஜஸ்ட்டுக்கு என்ன தைரியம்? ரொம்ப சிம்பிள். அதன் அமெரிக்கப் பதிப்பு அப்போது விளம்பரமே வாங்கியதில்லை. இழக்க ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் கிரஹாமும் வைண்டரும் சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தார்கள். 100-க்கு 44 எலிகளுக்குப் புற்று வந்தது. அதுவும் பத்திரிகைகளில் வந்தது. 1953-லும் 1954-லும் சிகரெட் விற்பனை சரிந்தது. எங்கள் எகனாமிக்ஸ் வாத்தியார் சொன்னபடியே நடந்துவிட்டது. தெரிந்தது, வாங்குவது குறைந்தது. கதை முடிந்தது.

அதான் இல்லை.

1953 டிசம்பர் நடுவில், நியூயார்க் பிளாசா ஹோட்டலில் சிகரெட் கம்பெனித் தலைவர்கள் கூடினார்கள். வருஷம் பூரா ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தவர்கள். அழைத்துப் பேசியது ஹில் அண்ட் நோல்டன் என்கிற மக்கள்தொடர்பு கம்பெனியின் ஜான் ஹில்லை. அவர் கொடுத்த யோசனையின் சாரம், விஞ்ஞானத்தோடு சண்டை போடாதீர்கள். இன்னும் விஞ்ஞானம் வேண்டும் என்று கேளுங்கள்.

1954 ஜனவரி 4-ம் தேதி, 400-க்கும் மேற்பட்ட அமெரிக்க நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை. ஒளிவுமறைவில்லாத அறிக்கை என்று தலைப்பு. ஜனங்களின் ஆரோக்கியம்தான் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம், தனியாக ஒரு கமிட்டியே போடுகிறோம் என்றார்கள். கமிட்டிக்கு விஞ்ஞான இயக்குநராக வந்தவர் கிளாரென்ஸ் குக் லிட்டில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர். புற்றுநோய் ஒழிப்புச் சங்கத்தை நடத்தியவர். இதைவிட யோக்கியமான ஆள் எங்கே கிடைப்பார்?

சூட்சுமம் புரிகிறதா? வாங்குகிறவனுக்கு அறிவு வந்துவிட்டது. அதைப் பிடுங்க முடியாது. எனவே அதன் பக்கத்தில் இன்னொரு அறிவைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறதாமே என்கிற அறிவு. 1969-ல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் உள் குறிப்பு ஒன்று இதைப் பச்சையாகவே சொல்கிறது. நாம் தயாரிக்கிற சரக்கு சந்தேகம்தான் என்று. பல வருஷம் கழித்துத்தான் அது வெளியே வந்தது.

இது ஒரு பாதி. மறு பாதிதான் இன்னும் சுவாரசியம். ஃபில்டர்.

1950-ல் அமெரிக்காவில் விற்ற சிகரெட்டில் ஃபில்டர் வைத்தது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1960-ல் பாதி. பத்தே வருஷம். யார் வாங்கினார்கள்? ரீடர்ஸ் டைஜஸ்ட்டைப் படிக்காதவனுக்கு ஃபில்டர் எதற்கு? அவன் பாட்டுக்குப் பழையதையே ஊதிக்கொண்டிருப்பான். படித்தவன்தான் பயந்தான். பயந்தவன்தான் ஃபில்டருக்கு மாறினான்.

எங்கள் மார்க்கெட்டிங் வாத்தியார் பாஷையில் சொன்னால் பயமும் ஒரு தேவை. தேவை இருந்தால் மார்க்கெட் இருக்கிறது. கம்பெனிகளுக்கு இந்தத் தேவையை உண்டாக்க ஒரு சல்லிக்காசு செலவில்லை. விஞ்ஞானிகளே இலவசமாக உண்டாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, ஃபில்டர் என்ன செய்தது? லோரிலார்ட் கம்பெனி 1952-ல் கென்ட் என்று ஒரு பிராண்டைக் கொண்டுவந்தது. அதன் மைக்ரோனைட் ஃபில்டரைப் போல ஆரோக்கியப் பாதுகாப்பு சிகரெட் சரித்திரத்திலேயே கிடையாது என்று தம்பட்டம். உள்ளே வைத்திருந்தது கல்நார். அதிலும் குரோசிடோலைட் என்கிற ரகம், கல்நாரிலேயே மகா மோசமானது, தானே புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. 1956-ல்தான் மாற்றினார்கள். நான்கு வருஷம், ஆரோக்கியத்துக்கென்று கூடுதல் அக்கறை எடுத்துக்கொண்டவர்களாகப் பார்த்து அதை உறிஞ்சியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ரேனால்ட்ஸ் கம்பெனியின் ரசாயன நிபுணர் கிளாட் டீக் 1953-ல் ஒரு யோசனை எழுதிவைத்தார். புகை பட்டதும் வெள்ளை ஃபில்டர் பழுப்பாக மாறுகிற மாதிரி ஒரு ரசாயனம் சேர்க்கலாம். அதனால் வடிகட்டும் சக்தி கூடப்போவதில்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு, அடேயப்பா, இவ்வளவு அழுக்கையும் இது பிடித்து நிறுத்தியிருக்கிறதே என்று தோன்றும். விற்பனைக்கு நல்லது.

வாடிக்கையாளர் விவரமாகிவிட்டார், ஆதாரம் கேட்கிறார். சரி, கண்ணுக்குத் தெரிகிற ஆதாரமாகவே கொடுத்துவிடலாம்!

நம் நியூயார்க் பெண்ணும் விவரமானவர்தான். இப்போது கல்யாணமாகி நியூ ஜெர்சியில் குடும்பம். 1955-ல் செஸ்டர்ஃபீல்டை விட்டு எல் அண்ட் எம் என்கிற ஃபில்டர் சிகரெட்டுக்கு மாறினார். டாக்டர் சொன்னது இதைத்தான் என்கிற ரீதியில் விளம்பரம் செய்யப்பட்ட பிராண்ட்.

ஃபில்டர் என்றாலே பெண்கள் சமாசாரம் என்று ஆண்கள் கூச்சப்பட்டபோது அதற்கும் வைத்தியம் கிடைத்தது. மார்ல்பரோ 1920-களில் பெண்களுக்கென்றே வந்த சிகரெட். சிகாகோவின் லியோ பர்னெட் விளம்பர கம்பெனி 1950-களின் நடுவில் அதற்கு ஃபில்டரோடு ஒரு மாடு மேய்க்கும் ஆளையும் சேர்த்துக் கொடுத்தது. குதிரை, தொப்பி, வெட்டவெளி. ஆரோக்கியம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1970-களில் அதுதான் அமெரிக்காவின் நம்பர் ஒன் சிகரெட்.

1963-ல் அமெரிக்காவின் சிகரெட் உபயோகம் உச்சத்துக்குப் போனது. வயது வந்தோர் தலைக்கு வருஷத்துக்கு 4,300-க்கு மேல். ஊதாதவர்களையும் சேர்த்துக்கொண்டு நாளைக்குப் பன்னிரண்டு! முதல் ஆராய்ச்சி வெளியாகிப் பதிமூன்று வருஷம் கழித்து. அதாவது, தெரிந்த பிறகு.

1964 ஜனவரி 11, சனிக்கிழமை. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி, வாஷிங்டனில் நிருபர்களை ஒரு அரங்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கையைக் கொடுத்தார். ஏன் சனிக்கிழமை? பங்குச் சந்தைக்கு லீவு. தவிர, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பெரிதாக வரும். ஆண்களுக்கு நுரையீரல் புற்று வருவதற்கு சிகரெட் காரணம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. சில மாதங்கள் விற்பனை விழுந்தது. பிறகு எழுந்துகொண்டது.

1966 ஜனவரி முதல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் எச்சரிக்கை. புகைத்தல் உடல்நலத்துக்குக் கேடாக இருக்கலாம் என்று, 'லாம்' போட்டு, ஓரத்தில். தோல்வி என்று நினைப்பீர்கள். கம்பெனி வக்கீல்களுக்கு அது பின்னால் கேடயமானது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் உண்மை ஜெயித்த ஒரு மூன்று வருஷம் உண்டு. 1967-ல் ஜான் பான்ஸாஃப் என்கிற இளம் வக்கீல் ஒரு புகார் அனுப்பினார். ரேடியோ, டிவியில் சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் இடம் தரவேண்டும் என்று அமெரிக்காவில் அப்போது விதி இருந்தது. சிகரெட் விளம்பரம் போட்டால், எதிர் விளம்பரமும் போடவேண்டாமா? ஆமாம் என்றது அரசு ஆணையம். அதுவும் இலவசமாக.

அன்று தொடங்கி டிவியில் மாட்டுக்கார மாமா குதிரையில் போவார். கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டு ஒருவர் வருவார். தலைக்கு இத்தனை சிகரெட் என்கிற கணக்கு இறங்க ஆரம்பித்தது. அறிக்கையில் இருந்ததைவிடப் புதிதாக ஒன்றும் அதில் சொல்லிவிடவில்லை. சிகரெட் விற்கிற அதே இடத்தில், அதே நேரத்தில், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? டிவியை விட்டுத் தாங்களே போய்விடுகிறோம் என்றன. 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்க ரேடியோ, டிவியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. பெரிய வெற்றி என்று எல்லோரும் கைதட்டினார்கள். விளம்பரம் போனதும் இலவச எதிர் விளம்பரத்துக்கான உரிமையும் போய்விட்டது. அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் சிகரெட் கணக்கு மறுபடி ஏறியது.

அடுத்த அலை, லைட்ஸ். தார் குறைவு, நிகோடின் குறைவு என்று அட்டையில் எண்கள். எண்களைவிட நல்ல தகவல் உண்டா? அரசாங்கம் ஏற்பாடு செய்த மெஷின் ஊதிப் பார்த்துச் சொன்ன எண்கள்தாம். ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் போட்டிருந்தார்கள். மெஷின் உறிஞ்சும்போது துளை வழியாகக் காற்று புகுந்து புகை நீர்த்துப்போகும். மனிதன் உறிஞ்சும்போது உதடோ விரலோ துளையை மூடிவிடும். போதாததற்கு, நிகோடின் பற்றாமல் ஆழமாக இழுப்பான். 2001-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம், லைட்ஸால் ஜனங்களுக்கு ஆரோக்கிய லாபம் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. 2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், 1,600 பக்கங்களுக்கு மேல் எழுதிய தீர்ப்பில், இது பல்லாண்டு காலத் திட்டமிட்ட மோசடி என்றார். 2010 ஜூனில் லைட்ஸ் என்கிற சொல்லுக்கே அங்கே தடை வந்தது. மார்ல்பரோ லைட்ஸ், மார்ல்பரோ கோல்ட் ஆனது. பாக்கெட்டில் நிறம் இருக்கிறதே, சொல் எதற்கு?

அந்த நியூ ஜெர்சி அம்மாள்? 1968-ல் வர்ஜினியா ஸ்லிம்ஸ். அப்புறம் பார்லிமென்ட், ஃபில்டர் இன்னும் உள்ளடங்கி இருக்கிறது என்பதால். 1970-களில் ட்ரூ, தார் குறைவு என்பதால், டாக்டரின் யோசனைப்படி. ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்துகொண்டுதான் மாறியிருக்கிறார். 1981-ல் நுரையீரல் புற்று. 1983-ல் கம்பெனிகள்மீது வழக்குப் போட்டார். 1984-ல், 58 வயதில் இறந்தார். வழக்கைக் கணவர் நடத்தினார்.

கம்பெனி வக்கீல்களின் வாதம் என்ன? அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். பேப்பரில் வந்தது, அறிக்கை வந்தது, பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது. தெரிந்தேதான் ஊதினார். இதுதான் நான் சொன்ன கேடயம். முப்பது வருஷம் 'யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது' என்று சொன்னவர்கள், கோர்ட்டுக்கு வந்ததும் 'எல்லாருக்கும் தெரியும்' என்றார்கள். 1988-ல் ஜூரி, அவர் நோய்க்கு 80 சதவீதப் பொறுப்பு அவருடையதே என்றது. விளம்பரத்தில் கொடுத்த வாக்குறுதியை மீறியதற்காக மட்டும் கணவருக்கு நான்கு லட்சம் டாலர். அதையும் மேல் கோர்ட் ரத்து செய்தது. 1992-ல் குடும்பம் களைத்துப்போய் வழக்கைக் கைவிட்டது.

அப்படியானால் தெரிந்துகொள்வதால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் புகைத்தார்கள். 2022-ல் 12 பேர்கூட இல்லை. உண்மை ஜெயிக்கத்தான் செய்தது. தன்னந்தனியாக ஜெயிக்கவில்லை. வரி, பொது இடத் தடை, வழக்குகள், கம்பெனிகளின் சொந்தக் காகிதங்கள் வெளியானது, எல்லாம் சேர்ந்து ஐம்பது அறுபது வருஷம் தேர் இழுத்தபிறகு.

நிறைவுப் போட்டி வாத்தியாரின் கணக்கு எங்கே உதைக்கிறது என்று இப்போது புரிகிறது. தெரியும், தெரியாது என்று இரண்டே ரகம்தான் உண்டு என்று அவர் நினைத்தார். நிஜத்தில் நம்மில் பெரும்பாலோர் நடுவில் இருக்கிறோம். ஆபத்து என்று தெரியும், விடமுடியவில்லை. அந்த இடைவெளியில்தான் கடை போடுகிறார்கள். ஒன்றும் தெரியாதவனிடம் ஆசையை விற்கலாம். பாதி தெரிந்தவனிடம் சமாதானத்தையும் சேர்த்து விற்கலாம். அதற்கு விலை அதிகம்.

எங்கள் பெரியப்பா ஃபில்டர் இல்லாத சிகரெட்தான் பிடிப்பார். நெஞ்சுச் சளி என்று டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்று, பெட்டிக்கடையில் என்னைக் காசோடு அனுப்பினார்.

"இனிமே ஃபில்டர் வெச்சதே வாங்கிட்டு வாடா. டாக்டர் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லிட்டார்."

வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பெரியம்மா என் தலையைத் தடவி, "பரவால்லடா, இப்பவாவது மனுஷனுக்கு அறிவு வந்துதே" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.